அத்தான் பார்த்தா சுத்தும்

எங்க அத்தான் வெறும் பார்வையாலேயே பொருளை நகர்த்துவாராம். நகர்த்தட்டும். கல்யாணமான நாள்லேர்ந்து சாப்பிட்ட தட்டை மேஜையிலேர்ந்து சிங்க் வரைக்கும் கையால கூட நகர்த்தாத மனுஷன், பார்வையால எதை நகர்த்தினா எனக்கென்னன்னு நான் பாட்டுக்கு இருந்தேன். அக்கா வயித்துல இருக்கிற கல்லை நகர்த்துறேன்னு கிளம்பினாரு பாருங்க, அப்பதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அக்காவுக்குப் பித்தப்பையில கல். ஒண்ணு ரெண்டு இல்ல. ஸ்கேனைப் பார்த்த டாக்டரே, "என்னம்மா, வீடு கட்ட ஜல்லி இறக்கி வெச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டாராம். பை வீங்கிப் போச்சு, எப்ப வேணா சீழ் வைக்கும், உடைஞ்சா உயிருக்கே ஆபத்து, வெட்டி எடுத்தாகணும்னு சொல்லி ஆபரேஷனுக்கு நாளும் குறிச்சுக் குடுத்துட்டாரு. நானும் லீவு சொல்லி வெச்சிருந்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா போன் பண்றா.

"ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டோம்டி."

"சொல்லிட்டோமா? யாரு யாரு?"

"அவரு கரைச்சிடறேங்கறாரு."

"எதை?"

"கல்லைத்தான்."

"எதுல கரைப்பாராம்? பக்கெட்லயா?"

"கிண்டல் பண்ணாதடி. மனசால."

எதிர்ல இருந்தது என் ஆபீஸ் சுவர். இல்லைன்னா யாரையாவது அறைஞ்சிருப்பேன்.

அத்தானைப் பத்திச் சொல்லிடறேன். லிஃப்ட் கம்பெனியில சர்வீஸ் சூப்பர்வைசரா இருந்தவரு. ஊர்ல பாதிப் பேரை மேலயும் கீழயும் ஏத்தி இறக்கினது இவருதான்னு ஒரு பெருமை. கம்பெனியை வேற எவனோ வாங்கினான், இவரை வீட்டுக்கு அனுப்பிட்டான். அதுக்கப்புறம் ஜன்னலோரமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவரு எழுந்திரிக்கவே இல்லை. பேச்சு கிடையாது, ஷேவிங் கிடையாது, யாராவது காலிங் பெல் அடிச்சா திரும்பிப் பார்க்கிறது கூடக் கிடையாது. அப்புறம் திடீர்னு ஒருநாள் அக்கா போன்ல, "அவரு சிரிச்சாருடி"ன்னு அழுதா. எதையோ வீடியோவில பார்த்துட்டு, ஒரு ரப்பர் துண்டுல ஊசியைச் செருகி, அதும் மேல சதுரமா வெட்டின காகிதத்தைக் குடை மாதிரி மடிச்சு வெச்சிருக்காரு. முறைச்சுப் பார்த்திருக்காரு. குடை சுத்தியிருக்கு.

அன்னைக்குப் பிடிச்சது சனி. ஞாயித்துக்கிழமை தவறாம காலையில வீட்டுல கூட்டம். குடைகிட்ட கேள்வி கேட்பாங்க. வலப்பக்கம் சுத்தினா ஆமா, இடப்பக்கம் சுத்தினா இல்லை. பக்கத்து பிளாக்ல ஒரு ஹெட்மாஸ்டர் இருக்காரு, ரிட்டயர் ஆனவரு. தன் மருமக தன்கிட்ட மன்னிப்பு கேட்பாளான்னு வாராவாரம் குடைகிட்ட விசாரிப்பாரு. குடை ஆமான்னு சொல்லும். மருமக இன்னும் கேட்டபாடில்லை. ஆனா ஹெட்மாஸ்டர் அசரலையே! அத்தானை "ஐயா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சதே அவருதான்.

இப்ப என் வேலையையும் சொல்லணும், இல்லைன்னா நான் ஏன் அவ்வளவு தெனாவட்டா கிளம்பினேன்னு புரியாது. நான் எடை அளவு இன்ஸ்பெக்டர். கடை கடையாப் போய் தராசைச் சோதிச்சு முத்திரை குத்துறது என் வேலை. தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டினவனைப் பிடிச்சிருக்கேன். கால் கட்டைவிரல்ல நூல் கட்டி இழுத்தவனைப் பிடிச்சிருக்கேன். மீனோட சேர்த்து விரலையும் நிறுத்து வித்தவனைப் பிடிச்சிருக்கேன். தராசைப் பார்க்காதே, தராசுக்காரன் கையைப் பாரு. வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து எனக்கு இது ஒண்ணுதான் வேதம். வாங்க வந்தவங்களை நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். ஏமாற வந்தவங்களைப் பார்த்து என்ன ஆகப் போகுது?

பழைய மீன் தொட்டி ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, கழுவித் துடைச்சு, ஞாயித்துக்கிழமை காலையில தூக்கிக்கிட்டுப் போய் இறங்கினேன். அவங்க பிளாக்ல லிஃப்ட் ரிப்பேர். கதவுல அட்டை தொங்குது. லிஃப்ட் சூப்பர்வைசர், அதுவும் பார்வையாலேயே பொருளை நகர்த்துறவரு குடியிருக்கிற கட்டடத்துல லிஃப்ட் கீழயே நிக்குது! இதைக் கேட்க நாதி இல்லை. கண்ணாடித் தொட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மாடிப்படி ஏறினேன், ஒவ்வொரு படிக்கும் அத்தானை ஒரு வார்த்தை திட்டிக்கிட்டு.

உள்ள போனா ஒரே புழுக்கம். ஜன்னலெல்லாம் சாத்தி, திரை இழுத்துவிட்டு, ஃபேனை அணைச்சிருக்காங்க. காத்து வந்தா ஐயாவோட கவனம் கலைஞ்சிடுமாம். சாப்பாட்டு மேஜை நடுவுல குடை. ஒரு பக்கம் அத்தான், பளபளன்னு ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையில. மேஜைக்கும் சுவருக்கும் இடுக்குல, அவருக்குப் பக்கவாட்டுல அக்கா, கன்னத்துல கை வெச்சுக்கிட்டு, வாயை லேசாத் திறந்தபடி புருஷனையே பார்த்துக்கிட்டு. எனக்கு அவளைப் பார்க்கவே பொறுக்கலை. முகமெல்லாம் மஞ்சளடிச்சு, கண்ணு உள்ள போய்க் கிடக்கா. சுத்தி ஹெட்மாஸ்டரும் இன்னும் நாலஞ்சு பேரும் கர்ச்சீப்பால கழுத்தைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.

"வாங்க இன்ஸ்பெக்டரம்மா!"ன்னாரு அத்தான். "என்ன, மீன் வளர்க்கப் போறியா?"

"இல்லத்தான். உங்களைப் பிடிக்க வந்திருக்கேன். இந்தத் தொட்டியைக் குடை மேல கவுத்து வைப்பேன். உள்ள இருக்கிறதை நீங்க சுத்திக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா நான் வாயே திறக்க மாட்டேன். கல்லைக் கரைங்க, மலையைக் கூடக் கரைங்க. காட்டலைன்னா நாளைக்கே அக்காவை ஆஸ்பத்திரியில சேர்க்கணும். சம்மதமா?"

"தாராளமா"ன்னாரு. துளி கூட யோசிக்கலை. திருடனா இருந்தா யோசிச்சிருப்பான். அப்பவே எனக்கு லேசா உறுத்தியிருக்கணும்.

முதல்ல தொட்டி இல்லாம காட்டச் சொன்னேன். ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டாரு. முறைச்சாரு. குடை ஒரு நடுங்கு நடுங்கிச்சு, அப்புறம் மெதுவா வலப்பக்கமா சுத்த ஆரம்பிச்சுது. கூட்டம் "ஹா"ங்குது. நான் குனிஞ்சு மேஜைக்கு அடியில போனேன். நூல் இல்லை. காந்தம் இல்லை. காலை ஆட்டுறாரான்னு பார்த்தேன், செருப்புக்குள்ள விரல் கூட அசையலை. வெளிய வந்து தொட்டியைக் கவுத்தேன்.

நின்னுடுச்சு.

அத்தான் முறைக்கிறாரு. நெத்தி நரம்பு புடைக்குது. குடை என்னடான்னா எனக்கென்னன்னு நிக்குது.

"ஆச்சு! அக்கா, பையை எடுத்து வை"ன்னேன்.

"ஒரு நிமிஷம் மேடம்"னு ஹெட்மாஸ்டர் எழுந்தாரு. "கண்ணாடி, எண்ண அலைகளைத் திருப்பி அனுப்பிடும். இது குவாண்டம் சமாச்சாரம்."

"அப்படியா சார்? அவரு மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே முறைக்கிறாரு? அந்தக் கண்ணாடி ஏன் அலையைத் தடுக்கலை?"

ஹெட்மாஸ்டர் கொஞ்சமும் தடுமாறலை. "அது பவர் கண்ணாடி"ன்னாரு.

இந்த ஆளு எத்தனை பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்திருப்பாரோ! தலையில அடிச்சுக்கிட்டேன். ஆனா எனக்கு அவரை ஜெயிக்கிறதுல ஒரு வெறி வந்துடுச்சு. "சரி, கண்ணாடி வேணாம். அத்தான் மூச்சுக் காத்துலதான் இது சுத்துதுன்னு நான் சொல்றேன். வாயையும் மூக்கையும் துண்டால கட்டிடறேன். அப்பவும் சுத்தினா ஒத்துக்கறேன்"னு சொன்னேன். சொன்னேனா, சொல்லித் தொலைச்சேன்!

குளியலறைத் துண்டு ஒண்ணை எடுத்து நானே அவர் முகத்தைச் சுத்தி ரெண்டு சுத்து இறுக்கிக் கட்டினேன். வங்கிக் கொள்ளைக்காரன் மாதிரி கண்ணு மட்டும் தெரியுது. பத்தாததுக்கு ஒரு அட்டையை வேற தாடைக்குக் கீழ செருகினேன். கையை முதுகுக்குப் பின்னால வைக்கச் சொன்னேன். கண்கொத்திப் பாம்பா அவரையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

குடை சுத்துச்சு. முன்னைவிட வேகமா சுத்துச்சு.

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. இத்தனை வருஷத்துல எந்தக் கடைக்காரனும் என்னை இப்படி நிக்க வெச்சதில்லை. கூட்டம் கைதட்டுது. அத்தான் துண்டை அவுத்துட்டு, மூச்சு வாங்க, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு. அதுல நக்கலே இல்லை, சின்னப் பிள்ளை சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அது இன்னும் எரிச்சலா இருந்துச்சு. நானே வெச்ச பரிட்சை, நானே ஒத்துக்கிட்ட பேச்சு. அக்கா செத்துடுவா, நான் வாயை மூடிக்கிட்டு நிக்கணும்.

அந்த நேரம் அக்கா "அம்மா"ன்னு வலப்பக்கத்து விலாவைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சுட்டா. எழுந்திரிச்சு, சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் படுக்கையறைக்குள்ள போயிட்டா. நான் பின்னாலயே போகப் போனேன், "கொஞ்சம் படுத்தா சரியாயிடும், விடு"ன்னு கதவைச் சாத்திக்கிட்டா.

இங்க ஹெட்மாஸ்டர் போனை எடுத்து வீடியோ கால்ல யாரையோ பிடிச்சுட்டாரு. "ஐயா, என் தம்பி வெளியூர்லேர்ந்து பார்க்கிறான். துண்டு கட்டிக்கிட்டு இன்னொரு தடவை காட்டுங்க."

அத்தான் மறுபடி துண்டைக் கட்டிக்கிட்டாரு. முறைச்சாரு.

ஒண்ணும் இல்லை. துண்டை அவுத்துட்டு முறைச்சாரு. அப்பவும் இல்லை. போன்ல தம்பி, "படம் நின்னு போச்சு போலண்ணே"ங்கறான்.

"அம்மா உள்ள போயிட்டாங்கள்ல, அதான்"னாரு ஹெட்மாஸ்டர். "அம்மாதானே ஐயாவுக்கு பேட்டரி!"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. என் மண்டையில நானே குட்டிக்கணும் போல இருந்துச்சு. தராசுக்காரன் கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், மூச்சைக் கட்டினேன். பக்கத்துல கன்னத்துல கை வெச்சுக்கிட்டு வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தவளை ஒரு தடவை பார்த்தேனா? வாங்க வந்த பொம்பளையே தட்டுல விரலை வெச்சு, கடைக்காரனுக்குச் சாதகமா அமுக்கி விடுவான்னு எந்த இன்ஸ்பெக்டர் கண்டான்!

கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போனேன். அக்கா ஒருக்களிச்சுப் படுத்திருந்தா. மேஜை மேல மாத்திரை சுத்தி வந்த காகிதம் கிடந்துச்சு. அதைக் கிழிச்சு அவ மூஞ்சிக்கு முன்னால பிடிச்சேன்.

"ஊது."

அவ என்னையே பார்த்தா.

"ஊதுக்கா. அங்க அவ்வளவு அழகா ஊதினியே, எனக்கு ஒரு தடவை ஊதிக் காட்டு."

"மெதுவாப் பேசுடி"ன்னா. எனக்கு அழுகையா கோபமான்னே தெரியலை.

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

"அவருக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது. நெஜமாவே தன்னாலதான் சுத்துதுன்னு நினைக்கிறாரு." அக்கா எழுந்து உட்கார்ந்தா. "நீ அவரை அந்த நாற்காலியில பார்க்கலைடி. நான் பார்த்தேன். குளிச்சீங்களான்னா பதில் இல்லை, சாப்பிடறீங்களான்னா பதில் இல்லை. அன்னைக்கு அதிசயமா எழுந்து வந்து அந்தக் குடையைச் செஞ்சாரு. காலையிலேர்ந்து முறைச்சுக்கிட்டே இருக்காரு, அது அசையவே இல்லை. மூஞ்சி அப்படியே தொங்கிப் போச்சு. நான் பக்கத்துல உட்கார்ந்து காய் நறுக்கிக்கிட்டு இருந்தேன். பாவமா இருந்துச்சு. லேசா ஊதினேன். துள்ளிக் குதிச்சாருடி! 'பார்த்தியா, பார்த்தியா'ன்னு என்னைக் கட்டிக்கிட்டாரு. அன்னைக்குத்தான் ஷேவ் பண்ணினாரு."

"ரொம்ப சந்தோஷம். அதுக்காக நீ சாகப் போறியா?"

"கல்லைக் கரைக்கிறேன்னு அவரு சொல்லுவாருன்னு நான் கண்டேனா? ஆபரேஷனுக்குப் போறேன்னா அவரு மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும். நெஜத்தைச் சொன்னா மறுபடி நாற்காலி. எப்படிச் சொல்லச் சொல்றே?"

"நீ போய்ச் சேர்ந்துட்டா மட்டும் அவரு டான்ஸ் ஆடுவாரா? அப்பவும் அதே நாற்காலிதானே! அப்ப யாரு ஊதுவா? நானா?" அவ பக்கத்துல கட்டில்ல உட்கார்ந்தேன். "ஏன்க்கா, அவரு மூஞ்சி தொங்கினா தாங்க மாட்டேங்கறே. எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? என் மூஞ்சியை ஒரு தடவை பாரேன்."

பார்த்தா. நல்லாப் பார்த்தா. அப்புறம் முந்தானையால என் கண்ணைத் துடைச்சா, அதே முந்தானையால தன் கண்ணையும் துடைச்சுக்கிட்டா. "சரி, கையைப் பிடி"ன்னு எழுந்தா.

வெளிய வந்து தன் இடத்துல உட்கார்ந்தா. கன்னத்துல கை. அத்தான் தோத்துப் போன மூஞ்சியோட குடையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"ஏங்க, எனக்காக ஒண்ணு கேட்கறீங்களா?"ன்னா அக்கா. "என் கல்லு உங்க சக்தியால கரையுமான்னு குடைகிட்ட கேளுங்க."

"அதைக் கேட்கணுமா என்ன? கரையும்."

"என் மனசுக்காகக் கேளுங்க."

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாரு. கணீர்னு கேட்டாரு. "இவ வயித்துல இருக்கிற கல் என் சக்தியால கரையுமா?"

குடை நடுங்கிச்சு. இடப்பக்கமா சுத்துச்சு.

ஹெட்மாஸ்டர்தான் சமாளிச்சாரு. "ஐயா, கேள்வியை மாத்திக் கேளுங்க. சில சமயம் அதுக்குப் புரியாது."

"இவளுக்கு ஆபரேஷன் பண்ணாம குணமாகுமா?"

மறுபடி இடப்பக்கம். இந்தத் தடவை சர்ருன்னு. அக்கா உதடு வெளுத்துப் போயிருந்துச்சு. ஒவ்வொரு ஊதலுக்கும் விலாவுல வலி சுண்டி இழுக்கிறது எனக்குத் தெரியுது, இப்ப நான் அவளை மட்டும்தானே பார்க்கிறேன். ஒரு கடையில இப்படி நடந்திருந்தா தராசைத் தூக்கி ஜீப்புல போட்டிருப்பேன். இங்க முத்திரை குத்தாத குறையா கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

அத்தான் ரொம்ப நேரம் குடையைப் பார்த்தாரு. டாக்டர் சொன்னா நம்ப மாட்டாரு, ஸ்கேன் சொன்னா நம்ப மாட்டாரு, நான் தொண்டை கிழியக் கத்தினா நம்ப மாட்டாரு. தன் காகிதத்தை எப்படி நம்பாம இருப்பாரு? "என் சக்தியே சொல்லுதே"ன்னு எழுந்தாரு. "கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

போனோம். திறந்து பார்த்தா பை அழுகிப் போயிருந்துச்சாம். விலாவுக்குக் கீழ நீளமா வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. டாக்டர் வெளிய வந்து, "நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என் கையில ஒண்ணும் இல்லை"ன்னாரு. கல்லை ஒரு பாட்டில்ல போட்டுக் குடுத்தாங்க. நான் சுவர்ல சாஞ்சு உட்கார்ந்து ஓன்னு அழுதேன். அத்தானும் அழுதாரு. அந்த ஒரு மணி நேரம் அவரை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

அந்த ஒரு மணி நேரம்தான். அக்காவை வார்டுக்குக் கொண்டு வந்ததும் ஆரம்பிச்சுட்டாரு. "டாக்டர் என்னங்க சொல்றது, என் குடை முன்னாடியே சொல்லிடுச்சு!" பக்கத்து பெட்ல குடலிறக்கத்துக்கு வெட்டிக்கிட்ட ஆள்கிட்ட ஆரம்பம். மறுநாள் அந்தாள் சம்சாரம், அதுக்கடுத்த பெட்டுக்காரம்மா, லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர் தள்ளுறவரு வரைக்கும் செய்தி போயிடுச்சு. சட்டைப் பைலேர்ந்து ரப்பர், ஊசி, காகிதம் எல்லாத்தையும் எடுத்து மருந்து வைக்கிற குட்டி அலமாரி மேல குடையை நட்டுட்டாரு. சர்ஜரி டாக்டர் கையை வெளியிலேர்ந்து இவருதான் நகர்த்தினாராம், அதான் கத்தி அவ்வளவு சுத்தமா போச்சாம்! ஹெட்மாஸ்டர் ஆரஞ்சோட வந்து இதுக்கு சாட்சி சொல்லிட்டுப் போனாரு.

அத்தோட விட்டாரா? கூடியிருக்கிறவங்களுக்கு வித்தை காட்டணுமே. "சிஸ்டர், அந்த ஃபேனைக் கொஞ்சம் அணைக்கிறீங்களா?"ன்னு கேட்டாரு. வெட்டுப்பட்ட உடம்போட எட்டுப் பேர் வேர்த்துக் கிடக்கிற வார்டுல! நர்ஸ் விட்டாங்க பாருங்க ஒரு டோஸ். "ஃபேனை அணைக்கிறதா? உங்களை வெளிய அனுப்பிடுவேன் சார்!" ஆனா அவங்க அந்தப் பக்கம் போனதும் குடலிறக்கக்காரர் சம்சாரமே எழுந்து சுவிட்சை அமுக்கிட்டுச்சு.

அத்தான் முறைச்சாரு. குடை அசையலை.

அசையுமா? அக்கா அண்ணாந்து கிடக்கா. வயித்துல தையல். சாதாரணமா மூச்சு விடறதுக்கே கண்ணுல தண்ணி வருது.

"மயக்க மருந்து வாடை இன்னும் இருக்கு, அது அலையைக் குழப்புது"ன்னு அத்தான் கூட்டத்துக்கிட்ட விளக்கம் குடுத்தாரு. சொல்லிட்டு நைசா அக்கா பக்கம் திரும்பி, "கொஞ்சம் நிமிர்ந்து உட்காரேன்மா. நீ பக்கத்துல உட்கார்ந்தா வந்துடும்"னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தக் கல் பாட்டிலைத் தூக்கி அவர் மேலயே வீசியிருப்பேன். அக்கா என் கையை அமுக்கினா. சும்மா இருன்னு அர்த்தம்.

அப்பதான் நர்ஸ் திரும்பி வந்தாங்க. முதல் வேலையா ஃபேனைப் போட்டாங்க. கையில ஒரு பிளாஸ்டிக் சாமான். பக்கத்துல பக்கத்துல மூணு குழாய், ஒவ்வொண்ணுலயும் ஒரு பந்து, ஓரத்துல ஒரு டியூப். "வயித்துல ஆபரேஷன் பண்ணினவங்க வலிக்குப் பயந்து மூச்சை அடக்கி அடக்கி விடுவாங்க. நெஞ்சுல சளி கட்டி நிமோனியா வந்துடும். இந்த டியூப்பை வாயில வெச்சு நல்லா உள்ள இழுங்க. பந்து மேல ஏறணும். ஏறினதும் மூணு எண்ணுற வரைக்கும் பிடிச்சு வைக்கணும்"னாங்க.

அக்கா டியூப்பை வாயில வெச்சா. பந்து அசையலை.

"ஊதாதீங்கம்மா! இழுங்க. எல்லாரும் இழுக்கிறாங்க, நீங்க என்ன ஊதறீங்க?"

பழக்கம் விடுமா? எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. அக்காவும் என்னைப் பார்த்தா. சிரிச்சா தையல் பிடிக்குதுன்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டா. அத்தான் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாரு.

அப்புறம் இழுத்தா. முதல் பந்து தத்தித் தத்தி மேல ஏறுச்சு. வலியில அவ கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுது. அத்தான் சட்டுன்னு நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டு, பந்துக்கு நேரா குனிஞ்சு முறைக்க ஆரம்பிச்சாரு.

"ஏறுது பாருங்க! ஏறுது பாருங்க!" பக்கத்து பெட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுறாரு. "ஃபேன் ஓடும்போதே ஏறுது! இன்னொண்ணையும் ஏத்தறேன் இருங்க."

அக்கா டியூப்பை வாயிலேர்ந்து எடுத்தா. பந்து டொக்குன்னு விழுந்துச்சு.

"என்னம்மா, ஏன் எடுத்துட்டே?"

"எனக்கு மூச்சு வலிக்குதுங்க"ன்னா. கோபமே இல்லை அந்தக் குரல்ல. "ரொம்ப வலிக்குது. இனிமே நீங்களே பண்ணுங்க."

அத்தான் சிரிச்சாரு. "இதோ"ன்னு திரும்பி முறைச்சாரு. பந்து அடியிலேயே கிடந்துச்சு. இன்னும் குனிஞ்சு முறைச்சாரு. பக்கத்து பெட்டுக்காரர் எட்டிப் பார்த்துட்டு, சங்கடமா இந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கிட்டாரு.

அத்தான் பந்தைப் பார்த்தாரு. அக்கா கையில இருந்த டியூப்பைப் பார்த்தாரு. அலமாரி மேல ஃபேன் காத்துல தலைதெறிக்கச் சுத்திக்கிட்டிருந்த குடையைப் பார்த்தாரு. கடைசியா அக்கா உதட்டைப் பார்த்தாரு. தோல் உரிஞ்சு, வெடிச்சு, லேசாத் திறந்திருந்துச்சு. நான் மீன் தொட்டியைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினதெல்லாம் என்ன சோதனை! அவரு அந்த உதட்டைப் பார்த்தது இருக்கே, அதுதான் சோதனை. அவர் முகத்துல என்னென்னவோ வந்துட்டுப் போச்சு. இதோ, நாற்காலிக்குப் போயிட்டாருன்னு நினைச்சேன். எனக்கே பயமாயிடுச்சு. உண்மை தெரியட்டும் தெரியட்டும்னு அத்தனை நாள் குதிச்சவ நான்தான்.

"எல்லாமேவா?"ன்னு கேட்டாரு.

அக்கா கண்ணுலேர்ந்து தண்ணி காதுப் பக்கம் வழிஞ்சுது.

"துண்டு கட்டினப்பவும்?"

அக்கா கண்ணை மூடிக்கிட்டா.

அத்தான் எழுந்து போய், குடையை எடுத்து மடிச்சு, ஊசியையும் ரப்பரையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. திரும்பி வந்து, அக்கா கையிலேர்ந்து டியூப்பை வாங்கி, அதோட வாயைத் தன் சட்டை நுனியால சுத்தமாத் துடைச்சு, அவ உதட்டுல வெச்சாரு. சாமானைத் தன் கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டாரு.

"நீ இழு"ன்னாரு. குரல் உடைஞ்சிருந்துச்சு. "நான் எண்ணுறேன்."

அக்கா இழுத்தா. பந்து ஏறுச்சு. அத்தான் பந்தைப் பார்க்கலை, அக்காவைப் பார்த்துக்கிட்டே ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினாரு.